சட்டமன்றத்திலிருந்து கடை வாசல் வரை: தமிழ்நாட்டுத் தொழிலாளர் சட்டங்களும் முதலாளிகளின் கடமையும்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் மிகச் சிறிய ஒரு சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற ஒரே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்கிறது அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்திருந்தது. தி.நகர் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றே வேலை பார்த்து, கால் வீங்கி நரம்பு சுருண்டவர்களைப் பற்றி இந்த ஊருக்குத் தெரியாமல் இல்லை. 2010-ல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ அந்த வாழ்க்கையைத் திரையிலேயே காட்டியது. இருந்தும் 1947-ல் இயற்றப்பட்ட சட்டத்துக்குள் ஒரு நாற்காலி நுழைய எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

இன்று ஏதாவதொரு பெரிய ஜவுளிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்காரவும் செய்கிறார்கள். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, மேற்பார்வையாளர் பார்க்கும்போது யாரும் உட்காருவதில்லை. மூன்றாவது வகைக் கடைகளும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

‘சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, எதைப் பின்பற்றுவது?’ என்பது முதலாளிகளின் குறை. ‘சட்டம் எத்தனை வந்தாலும் எங்கள் நிலை மாறவில்லை’ என்பது தொழிலாளர்களின் குறை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி. நம் மாநிலத்தில் ஒரு சட்டம் ஓர் ஆண்டில் நிறைவேறுகிறது, வேறோர் ஆண்டில் நடைமுறைக்கு வருகிறது, இன்னோர் ஆண்டில் அரசாணை ஒன்றால் தளர்த்தப்படுகிறது. இந்த இடைவெளியில் முதலாளிக்குச் சட்டத்தைச் சொல்லித் தருபவர் பெரும்பாலும் லேபர் கன்சல்டன்ட்தான். அவர் சொல்லித் தருவது படிவம், பதிவேடு, கடைசித் தேதி. சட்டம் எதற்காக வந்ததோ அந்தக் காரணம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

முதலில் அடிப்படை. அரசியலமைப்பில் தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், சட்டமன்றமும் இயற்றலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டம் நிற்கும். மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றிருந்தால் அந்த மாநிலத்தில் அதுவே நிற்கும். ஆனால் பின்னால் நாடாளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்து அதையும் தள்ளிவிட முடியும். சென்னையில் ஒரு கடை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஶ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை வைத்திருப்பவருக்கு வரும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்தே வருகிறது.

கடைகள் சட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். மாநிலத்தில் அதிகம் பேரைத் தொடுவதும் குறைவாகப் படிக்கப்படுவதும் அதுதான். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், வாரம் ஒருநாள் விடுமுறை. ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு. அதோடு 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு. எல்லாவற்றையும்விட வலுவானது 41-வது பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் (அல்லது அதற்கீடான சம்பளமும்) இல்லாமல் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி ஆதாரம் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களைத் தவிரப் பெரும்பாலோருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ‘நாளையிலிருந்து வராதே’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பும் முதலாளிகள் இந்தப் பிரிவை ஒருமுறையாவது படிக்க வேண்டும். வேலையிழந்தவர்களும் படிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் நீண்ட காலம் ஒரு விநோதம் இருந்தது. பிற மாநிலங்களின் கடைச் சட்டங்கள் பதிவைக் கட்டாயமாக்கியபோது தமிழ்நாட்டுச் சட்டத்தில் பதிவு என்ற பேச்சே இல்லை. எத்தனை கடைகள் இருக்கின்றன, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை அரசு இந்தச் சட்டத்தின் வழியே அறிய முடியாது. 2018-ல் சட்டமன்றம் இதைத் திருத்தியது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்றது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலையில். நடுவே ஆறு ஆண்டுகள். 2018-ல் செய்தியைப் படித்துப் பதிவு செய்யத் தயாராக இருந்த ஒரு நேர்மையான கடைக்காரர், மூன்று ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ‘இதுவும் வராது’ என்று முடிவு கட்டியிருந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருந்தால் போதும் என்ற பாடத்தை அரசே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அதே சட்டத்தின் இன்னொரு பக்கம் அரசாணைகளால் நகர்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் மூன்றாண்டுக்கு அனுமதி வந்தது. 2022-ல் அது நீட்டிக்கப்பட்டது, 2025-ல் மறுபடியும். கடை மூடாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரவிடுப்பு உண்டு, அன்று யாருக்கு விடுப்பு என்ற பட்டியலைக் கடையில் ஒட்ட வேண்டும், சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும், இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தால் மட்டுமே, அதுவும் போதிய பாதுகாப்புடன் வேலை வாங்க வேண்டும். முதலாளிகள் சங்கங்கள் இந்த ஆணையின் முதல் வரியை மட்டும் பிரதியெடுத்துக் கடைக்குக் கடை கொடுத்தன என்ற எண்ணம்தான் எனக்கு வருகிறது. இரவு இரண்டு மணிக்கு டீ கிடைப்பது நகரத்துக்கு நல்லது. அந்த டீயைப் போடுபவருக்கு அந்த வாரம் எந்த நாள் லீவு என்ற பட்டியல் எத்தனை கடைச் சுவரில் இருக்கிறது?

பெயர்ப்பலகையையும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழ் முதலில், பெரிய எழுத்தில், அடுத்து ஆங்கிலம், பிறகு மற்ற மொழி, 5:3:2 என்ற அளவில். இதுவும் கடைகள் சட்ட விதிகளில் வருவதுதான்.

கடையைவிட்டு ஆலைக்குப் போனால், தமிழ்நாட்டின் தனித்தன்மையுள்ள சட்டம் 1981-ல் வந்தது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பருவகால நிறுவனங்களுக்கும், 50-க்குக் குறைவான தொழிலாளர் உள்ள இடங்களுக்கும் அது பொருந்தாது. சட்டத்தின் வாசகம் இவ்வளவு தெளிவாக இருந்ததாலோ என்னவோ, அதைச் சுற்றிப் போகும் வழிகளும் தெளிவாகவே உருவாயின. ஆளைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி புதிய பெயரில் சேர்ப்பது, காண்டிராக்டரை மாற்றிக்கொண்டே இருப்பது, ஐந்தாண்டு வேலை செய்தவரையும் ‘டிரெய்னி’ என்றே அழைப்பது. திண்டுக்கல், கோவை வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்றும் ‘கேம்ப் கூலி’ என்றும் பேர் பெற்றது இதன் கொடிய வடிவம். கிராமத்து இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கவைத்து, கல்யாணத்துக்கு உதவும் என்று சொல்லிப் பெருந்தொகையை முடிவில் தருவதாக வாக்களித்து, அதுவரை அற்பக் கூலியில் வேலை வாங்கினார்கள். பலருக்கு அந்த முடிவே வரவில்லை. உடம்பு முடியாமல் நடுவில் வீடு திரும்பியவர்களின் பணம் என்னவாயிற்று என்று கேட்க ஆளில்லை. பிற்காலத்தில் பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2014-ல் மாநிலம் தனிச்சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளர்களுக்கு விடுதி நடத்தும் நிறுவனங்கள் அதையும் தங்கள் கடமைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

அதே 1981-ல் வந்த இன்னொரு சட்டம் பலருக்குத் தெரியாது. விசாரணைக்காகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால் சம்பளம், அதன்பின் முழுச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். விசாரணையை இழுத்தடித்தால் செலவு முதலாளிக்குத்தான் ஏறும்படி இதை எழுதியவரைப் பாராட்டத் தோன்றுகிறது. தாமதத்துக்கு விலை வைத்த சட்டம் தானாகவே வேலை செய்கிறது. ஆய்வாளர் வந்து அதட்ட வேண்டியதில்லை.

சம்பளத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி தொழிலுக்குத் தொழில் அறிவிக்கப்பட்டு, அதன் மீது அகவிலைப்படி ஏப்ரல் 1 தோறும் மாறுகிறது. ஏப்ரலை மறந்த கணக்கர் மார்ச்வரை குறைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பாக்கியுடன் அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதில் அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். ஆடைத் தொழிலாளர்களுக்கான கூலி உயர்வை அரசு 2014-ல் அறிவித்தபோது நூற்றுக்கணக்கான முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளி, 2014 டிசம்பரிலிருந்தே உயர்வு பொருந்தும் என்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டிய கூலி பத்தாண்டுக்கு மேல் அசையாமல் கிடந்ததுதான் அந்த வழக்கின் பின்கதை. ஆண்டுக்கு ஆண்டு சிறிது ஏறியிருந்தால் பனியன் கம்பெனிக்காரர் தன் ஆர்டர் விலையில் அதைச் சேர்த்திருப்பார். மொத்தமாக வந்ததால் அவருக்கு அதிர்ச்சி, தொழிலாளிக்கோ இழந்த ஆண்டுகள்.

சிறு நிறுவனங்களின் சுமையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. இருபது பேர் வேலை செய்யும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டை நினைத்துப் பாருங்கள். பி.எஃப். மாதாமாதம். இ.எஸ்.ஐ. மாதாமாதம், அதில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சிக்கு. தொழிலாளர் நல நிதி ஆண்டுக்கு ஒருமுறை, தலைக்கு முதலாளி 40 ரூபாய், தொழிலாளி 20 ரூபாய், ஜனவரி 31-க்குள். தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958-ன்படி குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாள்கள். பத்துப் பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு. அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். ஒவ்வொன்றும் நியாயமானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிக் கடவுச்சொல், தனி அலுவலகம். தலைக்கு அறுபது ரூபாய் கட்டுவதற்கு அரைநாள் போகிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் அந்த அலுப்பு தொழிலாளிக்கு எதிரானது இல்லை. அதைச் சட்டங்களையே குறைக்கச் சொல்லும் வாதமாக மாற்றும்போதுதான் நான் மறுக்கிறேன். நூறு படிவங்களைப் பத்தாக்கலாம். எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்குவது வேறு சங்கதி.

அந்தச் சங்கதி 2023-ல் நடந்தது. ஏப்ரல் 21-ஆம் தேதி சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு 65-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. வேலை நேரம், வாரவிடுப்பு, இடைவேளை, மிகைநேர ஊதியம் தொடர்பான பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு அரசு விலக்கு அளிக்க அது வழிசெய்தது. நான்கு நாளில் 48 மணி நேரத்தை முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வு என்று விளக்கம் சொன்னார்கள். ஆளும் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் முதலமைச்சர் நிறுத்தி வைத்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-ல். சரியாக நூறாவது ஆண்டில் அந்த மாநிலமே எட்டு மணி நேரத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது. திரும்பப் பெற்றது சரியான முடிவு. ஆனால் தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசாமல் நிறைவேற்றியது எப்படிச் சரியாகும்?

பேச்சுவார்த்தை என்பது இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. 1918-ல் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் நின்று உருவாக்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மீது நிர்வாகம் தொடுத்த வழக்கே, 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு தூண்டுதல். அதே சட்டத்தின் கீழ் பதிவு கேட்டுத்தான் ஏறக்குறைய நூறாண்டு கழித்து ஶ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்று நிர்வாகம் எழுப்பிய ஆட்சேபம் மாதக்கணக்கில் இழுத்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. எல்லாப் பதிவேடுகளையும் ஒழுங்காக வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில்கூட, சங்கம் என்று வந்தால் சட்டம் தடுமாறுகிறது.

இப்போது பெரிய மாற்றம். 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஊதியத் தொகுப்பு 2019-ல் நிறைவேறியது. தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புகள் 2020-ல். முதலாளி முதலில் கவனிக்க வேண்டியது ஊதியத்தின் புதிய வரையறை. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டிப் படிகளைப் பெரிதாக்கும் பழைய வித்தை இனி எடுபடாது, பணிக்கொடை கூடும். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். வேலையைவிட்டுப் போகிறவருக்குக் கணக்கை இரண்டு வேலை நாளில் முடிக்க வேண்டும். குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை. சம்பளப் பாக்கி கேட்டு மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். இவை நல்லவை, தயக்கமின்றி வரவேற்கலாம்.

மறுபக்கம், வரம்புகள் உயர்ந்திருக்கின்றன. மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலையாக இதுவரை பத்துப் பேர் போதும். இனி இருபது பேர் வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளர் விதிகள் 20-லிருந்து 50-க்கு, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி 100-லிருந்து 300-க்குப் போய்விட்டன. தமிழ்நாட்டின் பட்டறைகளும் பவுண்டரிகளும் பெரும்பாலும் சிறியவை. பதினைந்து பேர் வேலை செய்யும் கோவைப் பட்டறை நேற்று தொழிற்சாலை, இன்று இல்லை. அங்கே பவர் பிரஸ்ஸில் விரலை வைத்திருப்பவருக்கு அபாயம் நேற்றைப் போலவே இருக்கிறது. ஆய்வாளர் இனி வழிகாட்டுநராகவும் இருப்பார், ஆய்வு யாருக்கு என்பதைக் கணினி தேர்வு செய்யும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழிலாளர் ஆய்வு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-வது உடன்படிக்கையை இந்தியா 1949-லேயே ஏற்றது. முன்னறிவிப்பின்றி உள்ளே நுழையும் அதிகாரம் ஆய்வாளருக்கு வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

மாநிலச் சட்டங்கள் என்னவாகும்? நீக்கப்பட்ட 29-இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் இல்லை, 1981-ன் நிரந்தரமாக்கல் சட்டமும் இல்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள ஜவுளிக்கடைக்கு இனி மாநிலச் சட்டமும் பொருந்தும், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் பொருந்தும். தொழில் உறவுத் தொகுப்பு குறித்த கால வேலையை ஏற்கிறது. 1981 சட்டமோ 480 நாளில் நிரந்தரம் என்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டமா, பின்னால் வந்த மத்தியச் சட்டமா? நீதிமன்றங்கள் தீர்க்கவேண்டிய சிக்கல் இது, தீர ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை இரண்டில் எது தொழிலாளிக்கு அதிகம் தருகிறதோ அதைப் பின்பற்றும் நிறுவனம் எந்தத் தீர்ப்பு வந்தாலும் பாக்கிக்காரனாகாது. தார்மீக அறிவுரையாக மட்டும் இதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டாலும் அதுவே லாபம். நியமனக் கடிதம், வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு இந்த மூன்றையும் உண்மையாக வைத்திருந்தால் மற்றப் படிவங்களில் பெரும்பகுதி அவற்றிலிருந்தே நிரம்பிவிடும். பொய்யாக வைத்திருந்தால் கன்சல்டன்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு விபத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. திருத்தங்கள் சேர்க்கப்பட்ட முழுச் சட்ட வாசகத்தைத் தமிழில், ஒரே இடத்தில், எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்க வேண்டும். கன்சல்டன்ட்டின் பிடி தளர அது ஒன்றே பாதி போதும். நிறைவேறும் ஒவ்வொரு திருத்தத்திலும் அது நடைமுறைக்கு வரும் நாளையும் எழுதிவிட வேண்டும்.

இவ்வளவு பேசியும் ஒரு பெரிய கூட்டம் இந்தச் சட்டங்களுக்கு வெளியே நிற்கிறது. உணவும் பொருளும் கொண்டுவந்து தரும் இளைஞர்கள், செயலி வழியே ஆட்டோவும் காரும் ஓட்டுபவர்கள். 2023 டிசம்பரில் தமிழ்நாடு இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. விபத்து, மரணம், கல்வி உதவி என்று அது தரக்கூடியவை பயனுள்ளவை. ஆனால் அதே 2023-ல் ராஜஸ்தானும், 2025-ல் கர்நாடகமும் தனிச்சட்டமே இயற்றி, ஒவ்வொரு பரிமாற்றத்திலும் நிறுவனத்திடமிருந்து நலக்கட்டணம் வாங்க வழிசெய்துவிட்டன. மத்தியச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்கிறது. கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவு ஜவுளிக்கடை ஊழியருக்குத் தரும் பாதுகாப்பு, செயலியில் கணக்கு முடக்கப்பட்ட ஓட்டுநருக்கு இல்லை. அவரிடம் காரணம் சொல்லவும், முன்னறிவிப்புத் தரவும், மேல்முறையீட்டைக் கேட்கவும் சட்டப்படி யாரும் கடமைப்படவில்லை. 1947-ல் கடைச் சிப்பந்திக்குச் செய்ததைச் சட்டமன்றம் இவருக்கும் செய்யலாம். அதற்கான அதிகாரம் பொதுப்பட்டியலில் இப்போதும் இருக்கிறது.